ஆவுடையம்மாளின் முன்னூறு தம்ளர்கள்

ஆலடிப்பேரியில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் ஆலடிப்பேரியில் மட்டும் கொடுப்பதற்கு முன்னால், சாதாத் தண்ணியா ஆவுடையம்மா தண்ணியா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ புதிதாக வந்திருக்கும் மினரல் வாட்டர் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதற்குத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நொடி பதினாலு வயசுப் பெண்ணாகத் தாமிரபரணியில் முங்கி எழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டிருப்பார்கள். தும்மி முடித்ததும் கையில் காலித் தம்ளர் இருக்கும். வீட்டுக்காரர் ஒன்றும் நடக்காத மாதிரி, வெயில் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

இது எப்படி வந்தது என்றால், ஆவுடையம்மாள் செத்துப்போனதால் வந்தது.

ஆவுடையம்மாள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திமூன்று வருடம் சத்துணவு சமைத்தவள். இருபத்தைந்து வயதுக்கு மேல் ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ள ஆலடிப்பேரிக்காரர்கள் எவரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் உடம்பில் பாதி அவள் போட்ட சோறு, மீதி அவள் போட்ட அதட்டல். நூற்றி அறுபது பிள்ளைகளுக்கு இருபது தம்ளர்கள்தான் அரசாங்கம் கொடுத்திருந்தது என்பதால், தம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும் என்று அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள், மீறியவன் முதுகில் கரண்டிக் காம்பு பேசும். அதனால் அந்த ஊரில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவன் முதல் கள்ளச்சாராய வழக்கில் மாட்டியவன் வரை எல்லோரும் எதைக் குடித்தாலும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். எழுபத்தாறாவது வயதில் ஒரு பங்குனி மாதக் காலையில், காபியைக் குடித்துவிட்டு, சிலிண்டர் கொண்டுவராத பையனைப் போனில் திட்டிக்கொண்டிருந்தபோது, திட்டு பாதியில் நிற்க, அவள் போய்ச் சேர்ந்தாள். மீதித் திட்டையும் கேட்டிருக்கலாமே என்று அந்தப் பையன் அடக்கம் முடியும் வரை அழுதுகொண்டிருந்தான்.

அவளுக்கு ஒரே மகள், செண்பகவல்லி. ஊருக்குச் செம்பா. கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறாள், வயது ஐம்பது, புருஷன் தேவஇரக்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரே பெண் கிருபா பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை. மூவரும் வந்து இறங்கி, அழுது, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், செத்தவர் பேரை வெட்டி ஒரு எவர்சில்வர் பாத்திரமாவது கையில் கொடுத்தனுப்பாவிட்டால் செத்தவரை மதிக்கவில்லை என்று பேச்சு வந்துவிடும். ஒருத்தர் சம்படம் என்றார், ஒருத்தர் கிண்ணம் என்றார், கிருபா மரக்கன்று கொடுக்கலாமே என்று சொல்லி எல்லோரிடமும் முறைப்பு வாங்கினாள். தம்ளர்தான் என்று செம்பா தீர்மானமாகச் சொன்னாள், அம்மா வாழ்நாள் முழுக்கத் தம்ளரோடு மல்லுக்கட்டியவள் அல்லவா.

அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடைக்காரர் முன்னூறு தம்ளர்களிலும் ஆவுடையம்மாள் நினைவாக என்று பேர் வெட்டினார். வழக்கமாக அந்த மெஷின் எவர்சில்வரில் பட்டதும் பல் கூசுகிற மாதிரிக் கத்தும், அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் வெண்ணெயில் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே போயிற்றாம். காரணம் என்று கேட்டால் ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் துருவிக் கேட்க ஆலடிப்பேரியில் யாருக்கும் நேரமும் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் வந்தவர்கள், வராத மச்சானுக்கு ஒன்று, மாசமாக இருக்கும் மருமகளுக்கு ஒன்று என்று இரண்டும் மூன்றுமாக வாங்கிப் போனார்கள். சாமி படத்துக்குப் பின்னால் கிருபா எடுத்து ஒளித்து வைத்திருந்த கடைசித் தம்ளரையும், சாயந்தரம் லேட்டாக வந்து வருத்தப்பட்ட ஒரு தூத்துக்குடிச் சொந்தக்காரருக்கு எடுத்துக் கொடுக்கும்படி ஆயிற்று. கொடுக்கிற வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது முறையும் இல்லை. ஆக ஊரெல்லாம் ஆவுடையம்மாள் இருந்தாள், ஆவுடையம்மாள் வீட்டில் மட்டும் அவள் இல்லை.

ஒரு வாரம் எல்லோரும் அந்தத் தம்ளர்களில் அண்ணாந்து தண்ணீர் குடித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள்தான் பரமசிவம் குடித்தார். அவர் ரிட்டயர்டு கண்டக்டர், கழுத்து எலும்பு தேய்ந்து பட்டை போட்டிருந்ததால் அண்ணாந்து பார்ப்பதே முடியாது, அண்ணாந்து குடிப்பது எப்படி. அக்கா மன்னிக்கணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மாத்திரையைப் போட்டு, தம்ளரை உதட்டில் வைத்தார். மறு நிமிடம் லுங்கியோடு தெருவுக்கு வந்து, ஸ்டாப்பிங் பேர் சொல்லுகிற அதே குரலில், ஆவுடையக்காவுக்கு ஏழு வயசு, பாவநாசம் திருவிழா, அவுக அப்பா தோள்மேல உக்காந்திருக்காவ, ரெட்டைப் பச்சை வளையல் என்று அறிவித்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பெண்டாட்டி அதே தம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, வளையல் எங்கே போச்சு என்று கேட்ட பிறகுதான் ஊர் அசைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு தம்ளரை எடுத்து, எங்காவது கரண்டியோடு அவள் நிற்கிறாளா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உதட்டில் வைத்துக் குடித்தார்கள்.

ஒவ்வொரு தம்ளரிலும் ஆவுடையம்மாளின் ஒவ்வொரு நாள் இருந்தது. வெளியே ஒரு மடக்கு நேரம்தான், உள்ளே விடிந்து அடைகிற வரை முழு நாளும் அவளாகவே இருந்துவிட்டு வரலாம், அவள் பார்த்ததைப் பார்க்கலாம், நினைத்ததை நினைக்கலாம், அவள் கால் வலித்தால் வலிக்கும். எத்தனை தரம் குடித்தாலும் அந்தத் தம்ளரில் அதே நாள்தான். யாருக்கு எந்த நாள் என்பதில் ஒரு ஒழுங்கும் கிடையாது. டெய்லர் இஸ்மாயிலுக்குப் பிரசவ நாள் விழுந்தது, மனுஷன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, மூன்றாம் நாள் எழுந்து தன் பெண்டாட்டிக்குக் காபி போட்டுக் கொடுத்தார், அது இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. தலைமையாசிரியருக்கு, தான் மோசமான முட்டைகளை வாங்கி அனுப்பியதற்காக அவள் தன்னை வாய்க்குள்ளேயே விடிந்ததிலிருந்து வைதுகொண்டிருந்த நாள் கிடைத்தது, அவர் அந்தத் தம்ளரைப் பேனா போட வைத்துக்கொண்டார். தபால்காரர் வீட்டுத் தம்ளரில் அவள் புருஷன் செத்த நாள் இருந்தது. அந்த வீட்டில் அதைக் கவிழ்த்தே வைத்திருந்தார்கள், ஆனால் தங்கள் வீட்டில் சாவு விழுந்தவர்கள் வந்து கேட்டால் ஒரு பேச்சுப் பேசாமல் நிரப்பிக் கொடுப்பார்கள். குடித்தவர்கள் திண்டாடி அழுதுவிட்டு, போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து போவார்கள்.

வார்டு கவுன்சிலருக்குத்தான் ஏமாற்றம். அவருடைய தம்ளரில் ஒன்றுமே நடக்காத ஒரு நாள், விடாத மழை, பள்ளிக்கூடம் லீவு, ஆவுடையம்மாள் சன்னல் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள், கொட்டாவி விடுகிறாள், மறுபடியும் உரிக்கிறாள். மக்கள் பிரதிநிதிக்கு இதுதான் மரியாதையா என்று அவர் இரண்டு நாள் பொருமினார். ஆனால் பத்து நாளில் ஊரிலேயே கூட்டம் அதிகமான வீடு அதுவாகிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவிப் போட்ட பெண்களெல்லாம் வரிசையாக அங்கே வந்து, ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்து, எந்த வேலையும் இல்லாத ஒரு முழு மழை நாளை அனுபவித்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த எலெக்‌ஷனிலும் தனக்குத்தான் ஓட்டு என்று கவுன்சிலர் தெம்பானார்.

கிருபா ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, ஆவுடைப் பாட்டி நாட்கள் என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து, யார் வீட்டில் எந்த நாள் என்று வரிசைப்படுத்தினாள். பிறந்த சிசுவாகத் தன்னைப் பாட்டி முதன்முதலில் கையில் வாங்கிய நாள் சலூன் கடையில் இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். மூக்கு அப்பன் மூக்கு, என்ன செய்ய, மத்ததெல்லாம் நம்ம ஜாடைதான் என்று பாட்டி நினைத்ததைத் தெரிந்துகொண்டு வந்து, அப்பாவின் மூக்கை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

செம்பாவும் வீடு வீடாகப் போனாள். தன் அம்மாவைத் தான் அடுத்த வீட்டில் போய்க் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கிறதே என்று முதல் நாள் அவளுக்கு அழுகையாக வந்தது, பிறகு பழகிவிட்டது. ஊர்க்காரர்கள் அவளுக்கென்று தனியாகத் தண்ணீரை ஆற வைத்து, பானைத் தண்ணீர் ஊற்றி, குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இஸ்மாயில் வீட்டில் அவள் தன்னையே பெற்றாள். பிராணன் போகிற வலிக்குப் பிறகு, சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கறுத்துச் சுருங்கிக் கத்திக்கொண்டிருந்த தன்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு கோபமாக வந்திருக்கிறாள் என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தது அவள் வயிற்றுக்குள்ளேயே குலுங்கியது. பள்ளிக்கூடத்தில் தினம் முட்டையைச் சாப்பிடாமல் டவுசர் பைக்குள் போட்டுத் தங்கைக்குக் கொண்டுபோன ஒரு பையனுக்கு, உடைந்துவிட்டது என்று பொய் சொல்லி அம்மா இரண்டாவது முட்டை வைத்த நாள், பால்வாடி டீச்சர் வீட்டில் இருந்தது. அம்மாவுக்குப் பல்லி என்றால் பயம் என்பது முப்பத்திரண்டாவது வீட்டில்தான் அவளுக்குத் தெரிந்தது.

இவ்வளவு குடித்தும் அவள் தேடியது கிடைக்கவில்லை. அவள் தேடியது ஒரே ஒரு நாள்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறி அவள் தேவஇரக்கத்தோடு போனாள். புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த ஊருக்கு வந்தவர், கம்பங்களை நிமிர்த்திவிட்டு அவளைச் சாய்த்துவிட்டார் என்று அப்போது ஊர் கேலி பேசியது. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், இவள் வேறு, அம்மாவிடம் சொல்ல வாயே வரவில்லை, அம்மா விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில், எதிர்வீட்டு வடிவு அத்தை அவளைத் தூண் மறைவுக்குக் கூட்டிப் போய், "நீ பஸ் ஏறுன கையோட ஒங்கம்மை தெருவுக்கு வந்து, மண்ண அள்ளி, பஸ் போன தெசையப் பாத்துத் தூத்துனாட்டி. எங்கண்ணால பாத்தேன்" என்று சொன்னாள்.

பெற்றவள் மண்ணை வாரித் தூற்றினால் அது சும்மா போகாது என்று நம்புகிற ஊர் அது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, செம்பாவுக்கு வயிற்றில் நாலு மாதமாக இருந்தது கலைந்துபோனது. அந்த மண்தான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள், புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, அம்மாவுக்கு ஒரு கடுதாசியும் போடவில்லை. அவள் பஸ் ஏறிப்போன மூன்றாம் வருடம் கிருபா பிறந்த சேதி யார் மூலமாகவோ போய்ச் சேர்ந்ததும், ஆவுடையம்மாள் சுக்கும் பூண்டும் கருப்பட்டியுமாக ஒரு பெரிய பையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினாள், நாற்பத்தொரு நாள் இருந்து குளிப்பாட்டினாள், பத்தியம் சமைத்தாள், பிறகு இருபத்துநாலு வருடம் வாரம் தவறாமல் போன் பேசினாள். அந்த நாளைப் பற்றி மட்டும் அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. அம்மா மத்தியானம் அசந்து தூங்கும்போது, செம்பா அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் பிள்ளையைத் தூக்கிய இந்தக் கைதானா மண்ணை அள்ளியது என்று நினைக்கும்போது அவளுக்கு அம்மாமேல் கோபம் வராது, பயம்தான் வரும்.

இப்போது அந்த நாள் ஊரில் ஏதோ ஒரு வீட்டில் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமல் அம்மாவோடு போயிருந்தாலும் போயிருக்கலாம். கிருபாவின் பட்டியலில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நாட்கள் சேர்ந்தன, வெளியூர்ச் சொந்தங்கள்கூடக் குடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒன்றுதான் பாக்கி, வடிவு அத்தை வீட்டுத் தம்ளர். அதை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அத்தை சொன்னாள். எவர்சில்வர் தம்ளரை எலி என்ன செய்யும் என்று கேட்டதற்கு, எலிக்கும் தாகம் இருக்குமே என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு ஊருக்கு விளங்கிவிட்டது. வடிவு சொன்ன அந்த மண் கதை ஆலடிப்பேரியில் யாருக்குத் தெரியாது, செம்பாவுக்கு எந்த நாள் வேண்டும் என்பதும்தான் யாருக்குத் தெரியாது. டீக்கடையில் கூட்டம் போட்டார்கள், பரமசிவம் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித் திரும்பி எல்லோரிடமும் பேசினார். செத்தவளின் ஒரு நிமிடக் கோபத்தை உயிரோடிருக்கிற பிள்ளை குடிக்க வேண்டாம், தம்ளர் தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். பொய் சொல்லித் தெரியாத ஊர், என்ன பொய் என்பதை மட்டும் பேசிவைக்க மறந்துவிட்டார்கள். பால்காரர் அந்தத் தம்ளர் கோயில் கிணற்றில் விழுந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார், டீச்சர் அது பள்ளிக்கூடக் கிணறு என்றார், கவுன்சிலர் அதைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கியாகிவிட்டது என்று குடத்தின் நிறம் வரைக்கும் சொன்னார். செம்பா எல்லோருக்கும் சரி சரி என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். இத்தனை பேர் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால் அந்தத் தம்ளர் பத்திரமாக இருக்கிறது, அதில் அந்த நாள்தான் இருக்கிறது.

தேவஇரக்கத்திடம் அவள் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள், மண்ணை, கலைந்த பிள்ளைக்கு அதுதான் காரணம் என்று நினைத்ததை, இருபத்தேழு வருடத்தை. அவர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விட்டுரு செம்பா. பெறவு வந்து நம்மள சேத்துக்கிட்டால்லா, அது போதாதா?"

"போதும்னு நெனச்சுத்தான் இத்தன வருசம் இருந்தேன். போதல."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போனாள். வடிவு அத்தைக்கு அறுபது வயதாகிறது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் செம்பாவைப் பார்த்ததும் கீரையை விட்டுவிட்டுக் காம்பை எடுத்துச் சட்டியில் போட்டாள். செம்பா எலியைப் பற்றியும் கேட்கவில்லை, கிணற்றைப் பற்றியும் கேட்கவில்லை, எதிரே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணி தாங்க அத்த என்று மட்டும் சொன்னாள். வடிவு அத்தை அவளையே பார்த்தாள், பிறகு எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தம்ளரை எடுத்து, முந்தானையால் துடைத்து, தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். அதைச் செம்பாவின் முன்னால் வைத்தாள்.

"நான் ஒருக்காதான் குடிச்சேன். பெறவு தொடல. ஒம் மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்னு தெரியாமத்தான் ஒளிச்சு வச்சேன்."

செம்பா தம்ளரை உதட்டில் வைத்தாள்.

இன்னும் இருட்டாக இருந்தது, அவள் ஆவுடையம்மாளாக எழுந்தாள், நாற்பத்தொன்பது வயது, இடது முழங்காலில் சுளீர் என்றது, விளக்கைப் போடாமல் கட்டிலடியில் குனிந்தபோது கையில் ஒரு பை தட்டுப்பட்டது, பைக்குள் மூன்று சேலையும் சான்றிதழ் வைத்த உறையும் இருந்தன, ஒரு வாரமாகப் பிள்ளை சோற்றில் கை வைக்காதது ஏன் என்று அப்போது விளங்கியது. பாயில் படுத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, நான் வீட்டில் இருந்தால் இவள் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கும், இவளுக்குப் பொய் வராது, மாட்டிக்கொண்டு அழுவாள், நான் போகாதே என்று சொல்லிவிடுவேன், நான் சொன்னால் இவள் போகமாட்டாள், போகாமல் காலம் பூராவும் என் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இட்லி அவித்து மூடி வைத்தாள், பையின் மேல்பக்கத்தில் தன்னுடைய ஒற்றைச் சங்கிலியைச் சேலை மடிப்புக்குள் செருகலாமா என்று எடுத்து, வேண்டாம், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று பிள்ளை பயந்துவிடும் என்று திரும்ப வைத்தாள், சீக்கிரம் போகணும் இன்னைக்கு என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பள்ளிக்கூடம் வரை போகவில்லை, முக்கு ஓரத்தில் வேலிக்குப் பின்னால் நின்றாள். ஏழே முக்கால் பஸ் வந்தது, பிள்ளை ஏறியது, ஒல்லியாக ஒரு பையன் கைகொடுத்தான், பஸ் நகர்ந்தது, திரும்பிப் பார்க்கிறதா என்று பார்த்தாள், பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஓடினாள், அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடி வீட்டுக்குள் போய் ஒரு கை உப்பும் மூன்று மிளகாய் வத்தலும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, யாரும் மிதிப்பதற்குள், புழுதியில் மகளின் செருப்புத்தடம் விழுந்திருந்த இடத்தில் குனிந்து, காலடி மண்ணை எடுத்தாள். சுற்றிப் போட ஆள் எதிரே இல்லையே என்று ஒரு கணம் திகைத்தாள், பிறகு சிறுத்துக்கொண்டே போன பஸ்ஸைப் பார்த்து, அதையே பிள்ளையாக வைத்து, வலது பக்கம் மூன்றும் இடது பக்கம் மூன்றுமாகச் சுற்றினாள், ஊர்க்கண்ணு ஒறவுக்கண்ணு பெத்தவ எங்கண்ணு எல்லாக் கண்ணும் தெறிக்கட்டும், எம் பிள்ளைக்கு ஒன்னும் வந்துரக் கூடாது, கரண்டுக் கம்பத்துல ஏறி எறங்குத அந்தப் பிள்ளைக்கும் ஒன்னும் வந்துரக் கூடாது என்று சொல்லி, மண்ணையும் உப்பையும் மூன்று தெருவும் கூடுகிற இடத்தில் வீசி எறிந்தாள்.

எறிந்த கையோடு நிமிர்ந்தபோது, எதிரே குழாயடியில் வடிவு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, முகத்தில் ரத்தமே இல்லை, இவள் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள், மத்தியானம் சோறு மிஞ்சினால் இவளுக்குத்தான் முதலில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆவுடையம்மாள் நினைத்துக்கொண்டாள். வத்தல் மூன்றையும் மடியில் முடிந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் உலை கொதிக்கிற அடுப்பில் போட்டாள். கொஞ்சமும் நெடி வரவில்லை, ஒரு தும்மல்கூட இல்லை, அவ்வளவு கண் இருந்திருக்கிறது பிள்ளைமேல், எல்லாம் கழிந்தது, இனிப் பயமில்லை. அதற்குப் பிறகு நூற்றி அறுபது பேருக்குச் சோறு போட்டாள். அடையும் வரை, கடுதாசி வரும், வந்தால் போய்ப் பார்க்கலாம், நாமாகப் போய் நின்றால் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பிள்ளை பயப்படும் என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமல் படுத்தாள்.

தம்ளர் காலியாகிவிட்டது. செம்பா அதைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா கடுதாசிக்காகக் காத்திருந்த மூன்று வருடமும், தான் பயந்துகொண்டு கடுதாசி போடாத மூன்று வருடமும் ஒரே மூன்று வருடம் என்பது அவளுக்குத் தாங்க முடியவில்லை. நிமிர்ந்தபோது எதிரே வடிவு அத்தை, ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். செம்பாவுக்குக் கை பரபரத்தது. இந்த ஒரு வாயால் அல்லவா என்று ஆத்திரம் நெஞ்சுவரை ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றும்விட்டது, ஏனென்றால் ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அவள் இதே வடிவைக் குழாயடியில் பார்த்து, பாவம் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துவிட்டு வந்திருந்தாள். அம்மாவாக இருந்து பார்த்த ஒரு ஆளை மகளாக இருந்து வெறுக்க அவளுக்கு வரவில்லை.

"கண்ணால பாத்தேன்னுதான் சொன்னேன். பாத்ததத்தான் சொன்னேன். குனிஞ்சது எதுக்குன்னு தெரியாமப் போச்சேட்டி," என்று வடிவு அத்தை அழுதாள். "இது ஒனக்குள்ளது. நீயே கொண்டு போயிரு."

செம்பா தம்ளரை எடுத்தாள், பேர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு அத்தையின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"இங்கயே இருக்கட்டும் அத்த. நான் வந்து குடிச்சுக்கிடுதேன். அதுக்காவது ஒங்க வீட்டுப் படி ஏறுவேம்லா."

வடிவு அத்தை தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செம்பா மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிரே தங்கள் வீட்டு வாசலில் தேவஇரக்கம், அவள் எந்த முகத்தோடு வருவாளோ என்று செருப்புகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார், தெருமுனையில் பரமசிவம் உடம்போடு திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

"இங்க வாங்க," என்று அவள் தெரு முழுக்கக் கேட்கும்படி புருஷனைக் கூப்பிட்டாள். "வந்து ஒரு வாய் தண்ணி குடிங்க. ஒங்களுக்கும் சேத்துத்தான் எங்கம்மை சுத்திப் போட்டிருக்கா."